பெண்கள் பக்கத்துக் கதவு

எங்கள் மச்சான் ஆண்டிச்சாமி எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில், தான் வந்த வாசலைத் திரும்பிப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா, கூரைக்குக் கீழே காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் மனிதர்கள் அவர் கண்ணில் படுவார்கள். பெண் வீட்டார் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். இவர் அண்ணாந்து நிற்பார். சட்டைப் பையில் எப்போதும் ஊதுபத்தி இருக்கும். அதைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தபடி கட்டடத்தைச் சுற்றி வருவார். ஊரில் பாதிப் பேர் அவரைப் பெரிய பக்திமான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் ராசாத்தி, அவர் மனைவி அமராவதியின் தங்கை. புதுக்கோட்டையில் டீச்சர் வேலை கிடைத்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தேன். மச்சானைக் கேலி பேசக் கொழுந்தியாளுக்கு உரிமை உண்டு, நானும் அதில் குறை வைத்ததில்லை. ஆனால் 1957 சித்திரை மாதத்தை நினைத்தால் எனக்குக் கேலி வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

மச்சான் சமஸ்தானத்தில் கட்டட ஓவர்சியராக இருந்தவர். சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த பிறகு, தனியாகத் தொழில் செய்ய வேண்டுமானால் புதிதாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். நாற்பதை நெருங்கிய மனிதர் திருச்சிக்குப் போய், மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினார். முதல் தடவை தோற்றார். அடுத்த பரீட்சை வரைக்கும் அக்கா வீட்டை எப்படி ஓட்டினாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இரண்டாம் தடவை தேறினார். எங்களுக்கு நிலம் நீச்சு எல்லாம் அந்த லைசென்ஸ்தான்.

அரிசி மில் வீரய்யா திருமயம் ரோட்டில் சினிமாக் கொட்டகை கட்ட முடிவு செய்தபோது மச்சானைத்தான் கூப்பிட்டார். மச்சான் பார்த்துப் பார்த்து வரைந்தார். இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில் வரிசையாகக் காற்றுத் திறப்புகள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். பெண்கள் பக்கம் இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. "ஆளு உள்ள வர்றதுக்கு வாசல் வைக்கிறது பெரிசில்ல. அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல வெளிய ஓடுனா எடம் பத்தணும், அதுக்குத்தான் சட்டம் போட்டிருக்கான்" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கட்டி முடிந்தது. கட்டடம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு வீரய்யா மெட்ராஸ் போய் ஒரு குளுகுளுத் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு ஆசாரிகளைக் கூப்பிட்டுக் காற்றுத் திறப்பு எல்லாவற்றையும் பலகை வைத்து அடைத்தார். திரைக்குப் பக்கத்தில் வெட்டிவேர்த் தட்டியும் பெரிய பேன் இரண்டும் வைத்து, தட்டி மேல் தண்ணீர் சொட்ட ஏற்பாடு செய்தார். வாசலில் 'ஏர் கூலிங்' என்று போர்டு தொங்கியது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மச்சான் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. அவர் திரும்பத் தாமதமானதால், கோடை லீவிலிருந்த நான் அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்ப் பக்கத்தில்தான் நின்றேன்.

"மொதலாளி, குளுமை வேற, காத்து வேற. நனைச்ச காத்த உள்ள விடுறீங்க, சரி. உள்ள இருக்கிற காத்து எங்கிட்டுப் போகும்? ஆள் நெறைஞ்சா கொஞ்ச நேரத்துல இட்டிலிச் சட்டியாட்டம் ஆயிரும்."

"தொறந்து வச்சா எவன் டிக்கெட் எடுப்பான் இன்ஜினீயரே? சுவத்துக்கு அங்கிட்டு நின்னே வசனம் பூரா கேட்டுட்டுப் போயிருவான். மெட்ராஸ்ல ஒரு சன்னல் கெடையாது, தெரியும்ல?"

"அங்க உள்காத்த வெளிய தள்ளத் தனியா மிசினு இருக்கும். கரண்டு போனா ஓட்டத் தனி இன்ஜின் இருக்கும். அதெல்லாம் படம் பாக்கப் போனவுக கண்ணுக்குத் தெரியாது."

வீரய்யா சிரித்தார். "நீங்கதான் கையெழுத்துப் போட்டாச்சே. இன்னும் என்ன கவலை?"

மச்சான் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். இடுப்பளவுச் சுவர் மேல் கூரை வரைக்கும் பலகை ஏறியிருந்தது. திரைக்குப் பக்கத்துக் கதவு ஆணி அடித்து மூடிக் கிடந்தது. மிச்சமிருந்த ஒரே கதவுக்கு வெளிப்பக்கம் இரும்புப் பட்டைத் தாழ்ப்பாள். அதற்குக் காவலாகச் சின்னப்பிள்ளை என்ற அம்மாளை வேலைக்கு வைத்திருந்தார்கள். படம் நடக்கும்போது ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் நுழைந்துவிடக் கூடாதாம்.

மச்சான் நேராக, கொட்டகைக்கு அனுமதி கொடுக்கிற சர்க்கார் ஆபீசுக்குப் போனார். தான் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். அதிகாரி கேம்ப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். "சார், இத வாபஸ் வாங்குனா மொதல்ல ஒங்களத்தான் விசாரிப்பாங்க. லைசென்சுக்கே உலை வைக்கிற மாதிரி" என்று குமாஸ்தா எச்சரித்திருக்கிறார். மச்சான் மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். திறப்பு விழாவோ வெள்ளிக்கிழமை.

அக்கா கொதித்துப் போனாள். "ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு நீங்களே ஒங்க தலையில மண்ணள்ளிப் போடுறீகளே! இனிமே எந்த மொதலாளி ஒங்களக் கூப்புடுவான்? அந்தப் பரீச்சைக்கு நான் பட்ட பாட்ட மறந்துட்டீகளா?"

எனக்கு மச்சான் மேலும் கோபம், அக்கா மேலும் கோபம்.

வீரய்யா காதுக்கு மனு விஷயம் போய்விட்டது. மனிதர் சண்டைக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய வேலை செய்தார். வியாழக்கிழமை தன் மனைவி முத்துமாரியம்மாளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், மல்லிகைப்பூ. அந்த அம்மாள் சூதுவாது தெரியாதவர். அக்கா நெற்றியில் குங்குமம் வைத்து, "நாளைக்கு மத்தியானம் மொத ஆட்டத்துக்கு நீங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். எம் பக்கத்துலதான் ஒக்காரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தட்டு வைத்துக் குங்குமம் கொடுத்து அழைத்த பிறகு போகாமலிருந்தால், எங்கள் பக்கத்தில் அது அழைத்தவளின் தாலியையே அவமதித்த மாதிரி. இன்ஜினீயர் பெண்டாட்டியே உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று வீரய்யா ஊருக்குக் காட்ட வேண்டும். அக்கா அதில் சிக்கிக்கொண்டாள்.

"போகாத அமராவதி" என்றார் மச்சான்.

"தட்டு வாங்கிட்டேன். இனி முடியாது."

பகல் ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் நடைபாதையில் எல்லாம் குழந்தையும் கையுமாகச் சம்மணம் போட்டிருந்தார்கள். முத்துமாரியம்மாள் எங்களைத் திரைக்கு மிக அருகே, பேன் பக்கத்தில், மரியாதைப் பெஞ்சில் உட்கார வைத்தார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெட்டிவேர் மணந்தது. கொஞ்ச நேரத்தில் புடவை உடம்போடு ஒட்டியது. காற்று கனத்தது. பின்னால் குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள்.

கரண்ட் போனது.

ஆண்கள் பக்கம் வழக்கம்போல் விசில் கிளம்பியது. கூச்சல், பெஞ்சைத் தட்டும் சத்தம். அவர்கள் கதவெல்லாம் திறந்து பாதிப் பேர் பீடி பிடிக்கப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. பேன் நின்றதும், இருந்த காற்றும் செத்துப்போன மாதிரி இருந்தது. கதவருகே இருந்த பெண்கள் தட்டினார்கள். திறக்கவில்லை. பிறகு அடித்தார்கள். அந்த விசில் சத்தத்தில் எவன் காதில் விழும்? யாரோ ஒருத்தி வாந்தி எடுத்தாள். எனக்கு மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். பக்கத்தில் முத்துமாரியம்மாள் என் தோளில் சாய்ந்தார். பேசிப் பார்த்தேன். பதில் இல்லை.

வெளியே நடந்ததைப் பிறகு சின்னப்பிள்ளையே சொன்னாள். மச்சான் காலையிலிருந்தே கொட்டகை எதிரில் நின்றிருக்கிறார். கரண்ட் போனதும் ஓடி வந்தார்.

"கதவத் தொறம்மா!"

"மாட்டேனுங்க. வெளிச்சம் வராம பொம்பளைங்க பக்கம் தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. இருட்டுக்குள்ள எவனாச்சும் பூந்துட்டா ஆரு பதில் சொல்றது?"

"உள்ள அடிக்கிறது கேக்கலயா ஒனக்கு?"

"வெளக்கு வந்துரும், பொறுங்க."

மச்சான் அவளைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார். கதவு வெளிப்பக்கம் திறந்தது. பெண்கள் அவர் மேலேயே வந்து விழுந்தார்கள். கூட்டத்தை முட்டிக்கொண்டு, "அமராவதி! ராசாத்தி!" என்று கத்திக்கொண்டு அவர் உள்ளே வந்தார். அந்தக் குரலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மாதிரி வாழ்க்கையில் நான் எதற்கும் சந்தோஷப்பட்டதில்லை. "இங்க, மச்சான்! இந்தம்மா பேசல!" என்றேன். இருட்டில் தடவி முத்துமாரியம்மாளின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம்.

வாசலில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண், அதுவும் வீரய்யா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். என்ன ஏது என்று கேட்கவில்லை. அடித்தார்கள். அக்கா குறுக்கே விழுந்து கத்திய பிறகுதான் விட்டார்கள். முத்துமாரியம்மாளுக்குத் தண்ணீர் தெளித்தபோது கண் விழித்தார். உயிர்ச்சேதம் இல்லை. அது மச்சானால்தான், வேறு யாராலும் இல்லை.

ஆனால் சனிக்கிழமையே வீரய்யா அதே ஆபீசில் புகார் கொடுத்தார். ஆண்டிச்சாமி பகை வைத்துக்கொண்டு பெண்கள் பகுதிக்குள் புகுந்து கலவரம் செய்தார், தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார் என்று. காற்றுத் திறப்புகளை ராவோடு ராவாகத் திறந்து வைத்துவிட்டார். குற்றம் நிரூபணமானால் லைசென்ஸ் ரத்து.

விசாரணை நாளில் மச்சான் உதடு வீங்கியபடி நின்றார். உள்ளே மூச்சுத் திணறியதாகச் சொல்ல ஒரு பெண்ணும் வரவில்லை. வரவிடவில்லை. தன் பெண்டாட்டி இருட்டில் அந்நிய ஆண் மேல் விழுந்தாள் என்று ஆபீசில் சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? நானும் அக்காவும் சொன்னோம். "நீங்க அவர் குடும்பம்" என்று அதிகாரி குறித்துக்கொண்டார். சின்னப்பிள்ளை முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

"எம் பெண்டாட்டியே வாக்குமூலம் தருவா" என்று வீரய்யா தன் மனைவியைக் காட்டினார். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வந்திருப்பார்.

முத்துமாரியம்மாள் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இவரு ஒங்க கையப் புடிச்சு இழுத்தது உண்மைதானா?" என்றார் அதிகாரி.

"உண்மைதாங்க. புடிச்சு இழுக்கலன்னா என்னைப் பொணமாத்தான் தூக்கிக் கொண்டாந்திருப்பாங்க." கணவர் பக்கம் கையைக் காட்டினார். "காத்துத் தொறப்புகள அடைச்ச பலகையெல்லாம் எங்க வீட்டுக்காரருதான் அடிச்சாரு. விசாரணைன்னதும் பேத்தெடுத்தாரு. ஆணி ஓட்டை இன்னும் சுவத்துல இருக்கு, போய்ப் பாருங்க."

வீரய்யா மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதிகாரி போய்ப் பார்த்தார். மச்சானுக்கு லைசென்ஸ் நிலைத்தது. கொட்டகையை மூடி, நடுப்பலகையைப் பிரித்து, ஆணி அடித்த கதவையும் திறந்த பிறகே நடத்த அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் மச்சான் கொட்டகைகளும் மண்டபங்களும் வரைந்தார். கூப்பிட ஆளில்லாமல் போய்விடும் என்று அக்கா பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

முத்துமாரியம்மாள் அன்று வெயிலில் எங்களோடு நடந்து வந்தார். மில் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா சோறு போட்டாள். அவருக்கு இறங்கவில்லை. பிறந்த வீடு வல்லத்திராக்கோட்டை, அங்கே போகிறேன் என்றார். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார். "நீ போய் பஸ் ஏத்தி விட்டுட்டு வா, அமராவதி. நான் கூட வந்தா அதுக்கும் அந்தம்மாளத்தான் பேசுவாங்க" என்றார்.