ஏ-வுக்குப் பதில் க்யூ

நம்புகிறவர்கள் நம்பட்டும். போன வருடம் மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பகல் 2:17-க்கு, மூலக்குளத்தில் என் வீட்டு ஹாலில் நடந்தது இது.

என் மனைவி மர்த் டெங்குவில் போய் அப்போது எட்டு மாதம். அவள் அப்பா ஆலேன், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், அதற்குப் பிறகு என்னிடம் பேசியதே இல்லை. ஒரு நாள் வாசலில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டார்.

“அவளத்தான் காப்பாத்த முடியல. இதையாவது ஓட வைக்கிறியா, பாக்கலாம்.”

உள்ளே, பிரான்சிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய வீட்டுக் கணினி. டிவியில் மாட்டி, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றும் ரகம். கூடவே ஒரு கேசட். ஒன்பது வயதில் மர்த் எழுதிய விளையாட்டு அதில் இருந்தது. நான் இன்னும் பார்க்காத மர்த் என்று மிஞ்சியது அது மட்டும்தான். இந்தக் கணினி ஓடினால்தான் பார்க்க முடியும்.

தட்டாஞ்சாவடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் பாய், உப்பிப் போன கெப்பாசிட்டர்களை மாற்றிக் கொடுத்தார். “ஓடும் தம்பி. ஆனா கீபோர்டு பிரெஞ்சு. ஏ எடத்துல க்யூ, க்யூ எடத்துல ஏ. பாத்து அடி.”

அது எனக்குத் தெரியும். அந்தக் கீபோர்டில் பழகிய மர்த்துக்கு, நம்மூர்க் கீபோர்டில் ஏ அடித்தால் க்யூதான் விழும். அவள் அனுப்பிய மெயில்களில் எல்லாம், அலெக்சி என்ற நான் QLEXI.

2:17. சுவிட்சைப் போட்டேன். நீலத் திரை. கர்சர் மினுங்கியது. கேசட் இன்னும் என் கையில்தான் இருந்தது.

டக்.

ஒரு கீ தானாக அமுங்கியது.

டக்... டக்... டக்... டக்.

QLEXI.

எனக்குப் பயம் வரவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக அழுதேன்.

VQ, என்றது திரை. வா.

‘வரேன்’ என்று அடித்தேன். என் விரலும் தவறியது. VQREN என்று விழுந்தது.

2:21. மின்விசிறி நின்றது. கரண்ட் இல்லை.

திரை மட்டும் அணையவில்லை.

EPPQ

எப்ப?

EPPQ EPPQ EPPQ EPPQ...

கீகள் உடைகிற மாதிரி அமுங்கின.

பிளக்கைப் பிடுங்கினேன்.

டக்...

டக்...

2:24 வரை.

அன்று சாயங்காலமே ஆலேனிடம் போய்ச் சொன்னேன்.

“க்யூ விழுந்தது அந்த மெஷின்லயா?”

“ஆமா மாமா.”

“அதுலதான் அவ கத்துக்கினா. அதுல அவளுக்கு ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. நம்மூர் கீபோர்டுல பழகினவன் அடிச்சாதான் அதுல ஏ-வுக்கு க்யூ விழும்.”

ஆலேன் கதவைப் பாதி சாத்தினார்.

“அது எம் பொண்ணு இல்ல. யாருகிட்டடா வரேன்னு சொல்லிட்டு வந்திருக்க?”

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க, அந்தக் கணினியை விட்டால் வேறு இல்லை.