படையலுக்குச் சுட்ட கடலைக் கேக்

கப்பலில் குக்காக இருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிவேன். உண்மையில் தட்டு கழுவினேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போனதால், கழுவுகிற வேலைக்கே மூன்று பேர் சிபாரிசு தேவைப்பட்டது. பெரிய குக் கரீபியன் தீவுக்காரர். தன் ஊர்க் கடலைக் கேக்கை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். நான் முழுசாகப் படித்த ஒரே பாடம் அதுதான்.

ஒவ்வொரு தடவை யாங்கோனில் வந்து இறங்கியதும் என் மனைவிக்கு அந்தக் கேக்கைச் சுட்டுக் கொடுப்பேன். ஒரு துண்டு தின்றதும் அவள் முகம் காது வரை சிவந்துவிடும். எழுந்து பின்பக்கம் ஓடிவிடுவாள். இத்தனை வருஷம் கழித்தும் புருஷனைப் பார்த்து வெட்கப்படுகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியாது. திரும்பப் போனதும் கப்பலில் ஒருத்தன் விடாமல் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

போன வருஷம் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் நடுக்கடலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷப் படையலுக்காவது வீட்டில் இருந்தேன். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். சோறு, குழம்பு எல்லாம் மகள் பொறுப்பு. பிடித்த பண்டம் என் பொறுப்பு.

யாங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கரண்டு எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. அதனால் பர்மாக்காரர்கள் ரவைக் கேக் சுடுகிற மாதிரி, சட்டிக்கு அடியிலும் கரி நெருப்பு, மூடி மேலேயும் கரி நெருப்பு. கடலையை வறுத்து, தோலை ஊதி, ஒன்றிரண்டாக இடித்தேன். பனைவெல்லம், முட்டை, வெண்ணெய், மாவு. ரம்மில் எப்போதும் பாதி கேக்குக்கு, பாதி எனக்கு. அன்றைக்கு என் பங்கையும் மாவிலேயே ஊற்றினேன்.

மூடியைத் தூக்கும்போது மகள் வந்து நின்றாள்.

"யாருக்குப்பா இது?"

"உங்க அம்மாவுக்குத்தான். பின்ன, கீழ்வீட்டு ஆன்ட்டிக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "படையல்ல இத வைக்காதீங்கப்பா."

"ஏன், ரம் வாசனை தூக்குதா? அம்மா ஒண்ணும் சொல்லமாட்டா."

"அம்மாவுக்குக் கடலை ஆகாதுப்பா. தின்னா மூஞ்சி செவந்து தொண்டையெல்லாம் அரிக்கும். நீங்க குடுக்குறப்பல்லாம் பின்னால போயி உப்புத்தண்ணியில வாய் கொப்புளிப்பாங்க. நான்தான் தண்ணி மொண்டு குடுப்பேன்."

கையிலிருந்த நெருப்பு மூடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"மனுசன் வீட்ல இருக்குறதே வருஷத்துக்கு மூணு மாசம், மூஞ்சி வாடிப்போவும், சொல்லாதடின்னு சொல்லுவாங்க."

"சரி. அவளுக்கு என்னதான் புடிக்கும்? அதச் சொல்லு, வாங்கியாரேன்."

"நமக்குப் புடிச்சதத்தாம்ப்பா ஆக்குவாங்க. அவங்களுக்குன்னா... எனக்கும் தெரியலியே."

கடைத்தெருவுக்கு இறங்கிப் போனேன். இருபது வருஷமாக என் மனைவிக்குச் சாமான் கொடுத்த பர்மாக்காரியிடம் பர்மியில் கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"நீங்க வந்திருந்தா மீன் எடுப்பாங்க. இல்லேன்னா மகளுக்கு முருங்கக்கா. தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லையே."

வெறுங்கையோடு படியேறினேன். அதற்குள் மகள் கேக்கின் மேல் துணியைப் போட்டு மூடியிருந்தாள். இலையில் பண்டம் வைக்கிற இடத்தைக் காலியாக விட்டுக் கற்பூரம் ஏற்றினோம். வழக்கம்போல மனைவியை ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

"உனக்கு என்ன வேணும்?" என்று இலையைப் பார்த்துக் கேட்டேன்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அதை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கற்பூரம் அணைந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

"வாங்கப்பா, சோறு ஆறுது" என்றாள் மகள்.