திருப்பிப் போட்ட மூலைமட்டம்

சித்தப்பா வீட்டுப் பரணில் இன்று கிடைத்த, செங்கோணம் பார்க்கும் இரும்பு மூலைமட்டத்தில் இன்னும் தேக்குத்தூள் வாசம். திருக்கோவிலூரில் அப்பாவும் அவரும் சேர்ந்து நடத்திய, இப்போது இடமே தெரியாமல் போன மரப்பட்டறையில், தினமும் காலையில் அப்பா அதைப் பலகையில் வைத்து ஒரு கோடு கிழித்து, திருப்பிப் போட்டு அதன்மேலேயே இன்னொன்றும் கிழிப்பார். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் மட்டம் கோணல் என்று அர்த்தம்; அரத்தால் ராவிச் சரிசெய்யாமல் வேலையைத் தொடமாட்டார். பாகம் பிரிந்த அன்றும் கிழித்துப் பார்த்தார், ராவவில்லை. கோடுகளை மட்டும் இழைத்து எடுத்துவிட்டு, மூலைமட்டத்தைத் தம்பியிடம் கொடுத்தார். பிறகு சித்தப்பா செய்த கதவுகள் மூடவில்லை என்று ஊரே சொன்னபோது, அப்பாவும் உச்சுக்கொட்டினார்.

இன்று நான் கிழித்துப் பார்த்தேன். கோடுகள் விரிந்து போயின.

"நீங்க ஒரு தடவகூட திருப்பிப் பாக்கலையா சித்தப்பா?"

"இன்னாம்மா, அண்ணன் கையால குடுத்தத போயி யாராச்சும் சோதிப்பாங்களா? என் கைதான் கோணல்னு நெனச்சிக்கினு இருந்தேன்."