ருகாயில் விழுந்த கடுகு

சவூதியின் அல் கோபாரில் எங்கள் அலுவலக பேன்ட்ரியில் மொரீஷியஸ்காரர் ஒருவர் ஒரு நீள ரொட்டியைப் பிளந்து, அதற்குள் பருப்பு வடைகளை வரிசையாக அடுக்குவதைப் பார்த்த கணத்தில்தான் அவர் தீவுச் சமையல் மேல் எனக்கு ஆசை வந்தது. வடையை ரொட்டிக்குள் வைக்கும் ஒரு நாகரிகம் உலகத்தில் இருக்கிறது. அதை இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வடையா?" என்று கேட்டேன்.

"காத்தோ பிமா," என்றார். மிளகாய்க் கேக் என்று அர்த்தமாம். ஒன்றை வாங்கிக் கடித்தேன். வெங்காயத்தாள் போட்ட பருப்பு வடை. ஆனால் பருப்பு வடை என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கிரியோல் உணவு, அதாவது தீவின் கலப்புச் சமையல் என்றால் விஷயமே வேறு.

அவர் தர ஆய்வாளர். குடும்பப் பெயர் சுத்தத் தமிழ். தமிழில் ஒரு வாக்கியம் வராது. எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஊருக்குப் போய் ரொம்ப நாளாயிற்று, வீட்டு ருகாய்க்கு நாக்கு ஏங்குகிறது என்றார். தக்காளியும் தைம் இலையும் கருவாடும் சேர்ந்த குழம்பு அது. "வெள்ளிக்கிழமை எங்க ரூமுக்கு வாங்க, நான் செய்றேன்," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். ஆப்பிரிக்கர், பிரெஞ்சுக்காரர், இந்தியர், சீனர் எல்லோரும் ஒரே தீவில் சமைத்து, ஒருவர் சட்டியில் இன்னொருவர் கைவைத்துப் பிறந்ததுதான் இந்தச் சமையல் என்று ரூமில் இருந்தவர்களுக்கு வகுப்பெடுத்தேன். தீவின் பானம் என்று தேடினால் முதலில் வருவது கரும்பு ரம். சவூதியில் ரம் மாஃபி, அதாவது கிடையாது என்பதால் அந்தப் பாடத்தை மட்டும் படிக்காமலே தேறினேன்.

சிக்கல் என்னவென்றால், வார விடுமுறையான வெள்ளிக்கிழமை அடுப்பு எனக்குச் சொந்தமில்லை. ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்கள் ரூமில் மூத்தவர். சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமை என்றால் அவருடைய பிரியாணி. அதில் மாற்றமே கிடையாது.

"தம்பி, வெள்ளிக்கிழமைங்கிறது வாரத்துக்கு ஒண்ணுதாம்ப்பா வருது. அதுல போயி உன் பரீட்சையெல்லாம் வேணாம்."

"ஒரே ஒரு தடவைண்ணே. கெஸ்ட்ட வேற கூப்ட்டுட்டேன்."

திருநெல்வேலிக்காரரான ஏசி மெக்கானிக் எனக்காகப் பரிந்து பேசினார். "குடுங்கண்ணே, பாவம். வாயில வைக்க வெளங்கலன்னா கீழ புரோட்டா கடை இருக்குல்லா."

அண்ணன் நிபந்தனை போட்டார். "சட்டியில மிச்சம் கெடந்துச்சுன்னா, நீ லீவுக்குப் போற வரைக்கும் அடுப்புப் பக்கமே வரப்படாது. பாத்திரம் மட்டுந்தான். சம்மதமா?"

லீவுக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. நாள் முழுக்கக் கணினியில் அடுத்தவர்கள் வேலைக்கு அட்டவணை போடுகிறவன் நான். என் கையால் எதையாவது ஆரம்பித்து முடிப்பது அந்த அடுப்பில்தான். இருந்தும் சம்மதம் என்றேன். வீடியோ தந்த தைரியம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கீழே கீழக்கரைக்காரர் கடையில் கருவாடு வாங்கி வந்தேன். தைமுக்கு சூப்பர் மார்க்கெட். அண்ணன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஓமவாட்டர் மாதிரி அடிக்குது?" என்றார். நான் சளைக்கவில்லை. ருகாய் கொதித்து இறங்கும் நேரத்தில் ஃபோன் வந்தது. விருந்தாளிக்குக் கட்டடம் தெரியவில்லை. அழைத்து வர இறங்கினேன்.

திரும்பிப் படியேறும்போதே கறிவேப்பிலை வாசனை வந்தது. விருந்தாளியைப் பின்னால் விட்டுவிட்டு மேலே ஓடினேன்.

"அண்ணே, என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலப்பா. கடுகு போட்டுத் தாளிச்சேன். கொஞ்சூண்டு புளி. வெறுமனே கெடந்துச்சு, பாக்கப் பொறுக்கல."

"இப்பதாம்ல அதுக்கு உயிரே வந்துருக்கு," என்றார் மெக்கானிக்.

விருந்தாளி நாசூக்காகச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் கரண்டியால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வாட்சைக் கழற்றினார். சட்டைக் கையை மடக்கினார். அவருக்கும் அண்ணனுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தியும் நாலு அரபிச் சொல்லும்தான். சண்டைக்கு அது தாராளமாகப் போதும்.

"பாய், இம்லி மாஃபி! மாஃபி!" என்று புளிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அரே பாய், இம்லி பகுத் அச்சா!" என்று அண்ணன் அதைத் திரும்ப இழுத்தார்.

ஒரு அடுப்பில் விருந்தாளி புதிதாக ருகாய் வைத்தார். மற்றொரு அடுப்பில் அண்ணன் என் ருகாயை மேலும் திருத்தினார். இடையில் புகுந்து பூர்வீகச் சுவை என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தேன். இருவரும் ஒரே குரலில், "யல்லா, பியாஸ்!" என்று வெங்காயத்தைக் காட்டி விரட்டினார்கள். வெட்டினேன். ஒருவர் சட்டியில் இன்னொருவர் கைவைப்பதைப் பற்றி ஒரு வாரம் வகுப்பெடுத்தவன், அது கண்ணெதிரே நடந்தபோது கூடாது கூடாது என்று கத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில் இரண்டு சட்டியும் வழித்துத் துடைக்கப்பட்டன. விருந்தாளி அண்ணன் சட்டியிலிருந்து இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "இது ருகாய் இல்லை. ஆனால் இது என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"தக்காளித் தொக்கு."

மறுபடி சொல்லச் சொல்லி ஃபோனில் குறித்துக்கொண்டார். காத்தோ பிமாவைக் கேட்டபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"சட்டி காலிண்ணே. நான் ஜெயிச்சுட்டேன்," என்றேன்.

"காலிதான், இல்லேங்கல. ஆனா அதுல உன் சமையல் எங்கப்பா இருந்துச்சு? ஒண்ணு அவரு வச்சது. இன்னொண்ணு நான் தேத்துனது."

"வெங்காயம் அவன் வெட்டுனதுண்ணே," என்றார் மெக்கானிக்.

"அப்ப வெங்காயம் வெட்டலாம். அடுப்பு கிடையாது. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

தீர்ப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது. மொரீஷியஸ்காரர் இப்போது வெள்ளிதோறும் வருகிறார்; என்னைப் பார்க்க அல்ல. அண்ணனும் அவரும் தோளோடு தோள் நின்று சமைக்கிறார்கள். நான் வெங்காயம் வெட்டுகிறேன், பாத்திரம் தேய்க்கிறேன்.

போன வாரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மொரீஷியஸ்காரர் அலுதாவைப் பற்றிச் சொன்னார். தீவின் கடைத்தெருக்களில் விற்கும் குளிர்பானமாம்: பால், சப்ஜா விதை, ரோஸ் சிரப், துருவிய கடற்பாசி ஜெல்லி, ஐஸ். கடற்பாசியை மட்டும்தான் காய்ச்ச வேண்டும். அண்ணன் தடை விதித்தது ரூம் அடுப்புக்கு. அலுவலக பேன்ட்ரியில் இருக்கும் மைக்ரோவேவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கடற்பாசி வாங்கி என் பையில் வைத்துவிட்டேன். இங்கே வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிறு காலை, மற்றவர்கள் டியூட்டிக்கு வரும் முன்பே போய்க் கரைத்துப் பார்க்கப் போகிறேன். பொங்கி வழியாமல் எப்படிக் கரைப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.