அசையாத பெரியப்பா

மைனாவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால், வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். பெயர் பொருத்தம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாய் ஓயாது. பல் துலக்கும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த வாய்க்கு அவள் வக்கீலாகப் போயிருக்கலாம். போயும் போயும் நட்சத்திரங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பினாள். நட்சத்திரங்கள் எதிர்த்துப் பேசாது, அவளுக்கு அதுதான் வசதி என்பது மாமியாரின் கருத்து.

மாமியாருக்கு ஒரே ஒரு மனக்குறை. மருமகள் நான்கு வருடமாக நட்சத்திரம் படிக்கிறாள், ஒரு நாளாவது வாசலில் நின்று ஒரு நட்சத்திரத்தைக் கைகாட்டியிருப்பாளா? காட்டச் சொன்னால் நிலாவைக் காட்டுவாள். அது ஒன்றுதான் தனக்கு உறுதியாகத் தெரியும் என்பாள். பொய்யில்லை. அவள் ஆராய்கிற நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கல். எங்கோ ஒரு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி அதைப் படம் எடுக்கும். படங்கள் காலையில் துறைக் கணினிக்கு வந்து சேரும். மைனா தலை சீவி, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, வங்கிக்கு வேலைக்குப் போகிறவள் மாதிரி பஸ் பிடித்துப் போய், படத்திலுள்ள புள்ளிகளின் வெளிச்சத்தை அளப்பாள். மீதி நேரமெல்லாம், நேற்று ஓடிய கணினி நிரல் இன்று ஏன் ஓட மாட்டேன் என்கிறது என்று தேடுவதில் போகும். நேற்று மாலை அவளே ஒரு காற்புள்ளியை அழித்திருப்பாள்.

அவளுக்குக் கொடுத்திருந்தது மூன்றாம் மாடியில் ஓர் அறை. மூடாத ஒரு ஜன்னல், இரண்டு மேசை, ஒரு பிளாஸ்க், சுவரெல்லாம் யாருக்கும் புரியாத வரைபடங்கள். இன்னொரு மேசை அண்ணனுடையது. துறையில் அவனைவிட மூத்தவர்களும் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நாளாக அங்கே படித்துக்கொண்டிருக்கிறான். ஒருவழியாக இப்போது ஆய்வேட்டை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தான். எப்போதும் காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பான். அதில் பாட்டு எதுவும் ஓடாது. மைனாவிடமிருந்து தப்பிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

இருவருக்கும் வழிகாட்டி ஒரே பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு முக்கால் என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "பரவால்ல, முக்கால்வாசி முடிஞ்சுடுச்சு" என்பார். ஆரம்பித்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரைத் தொட்டுவிடக் கூடாது. அந்த விஷயம்தான் பெரியப்பா.

பெரியப்பா யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. ஒரு நட்சத்திரத்தின் ஒளி கூடியதா குறைந்ததா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு துண்டு மேகம் குறுக்கே வந்தாலே மங்கிவிடும். அதனால் அதே படத்தில் பக்கத்திலுள்ள இன்னொரு நட்சத்திரத்தோடு சேர்த்து வைத்து அளப்பார்கள். மேகம் வந்தால் இரண்டும்தானே மங்கும், வித்தியாசம் மாறாது. ஆனால் அந்த இன்னொன்று கொஞ்சமும் மாறாத நட்சத்திரமாக இருக்க வேண்டும். முக்கால் மாணவராக இருந்த காலத்தில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அன்றிலிருந்து அந்தக் குழுவில் எல்லோரும் அதை வைத்தே அளந்தார்கள். வீடே அல்லோலகல்லோலப்பட்டாலும் படிக்கிற பேப்பரைக் கீழே வைக்காத பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார் அல்லவா? அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நட்சத்திரம் போய் "அவர்" ஆகிவிட்டது.

மைனாவின் நட்சத்திரம் விஷயத்துக்கு வருவோம். அது சாதுவான நட்சத்திரம். திடீரென்று நாலைந்து நாள் கொஞ்சம் கூடுதலாக ஒளிரும், பிறகு அடங்கிவிடும். நான்கு வருடத்தில் மூன்று முறை அப்படி ஒளிர்ந்தது. இந்த வகை நட்சத்திரம் அப்படிச் செய்யவே கூடாது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? துறை முழுக்கச் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொன்னாள், மாமியாருக்குக் கரண்டியை ஆட்டி ஆட்டி விளக்கினாள். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் பேசவும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆய்வேட்டின் உயிரே அந்த மூன்று முறைதான். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. அவர்கள் தலையாட்டினால் எழுத ஆரம்பிக்கலாம். உதட்டைப் பிதுக்கினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் அண்ணன் தன் வரைபடங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு அதே படங்களில் வேறொரு நட்சத்திரம். வரிசையை விட்டு மேலே துருத்திக்கொண்டிருந்த சில புள்ளிகளை நீக்கிக்கொண்டே, கருவியில் ஏதோ கோளாறான நாட்கள் இவை, அப்போதே தூக்கிப் போட்டவை, எப்படியோ திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன என்று அலுத்துக்கொண்டான். மைனா டீயோடு எட்டிப் பார்த்தாள். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே இருந்த தேதிகள் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய நட்சத்திரம் ஒளிர்ந்த அதே தேதிகள்.

இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டு தூரம். சொல்லி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒளிர அவற்றால் ஆகாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவர் ஒருவர்தான். அளவுகோல் சுருங்கினால் அளக்கிற துணி நீளமாகத்தானே தெரியும்?

அன்று முழுக்க உட்கார்ந்து பெரியப்பாவையே அளந்தாள். அதே படங்களில் இருந்த, யாரும் சீந்தாத சின்னச் சின்ன நட்சத்திரங்களோடு அவரை ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அவர்தான் மங்கியிருந்தார். அவருக்கு முன்னால் இன்னொரு மங்கலான நட்சத்திரம் சுற்றி வந்து சில நாள் மறைக்கிறது போலிருக்கிறது. அவளுடைய நட்சத்திரத்தில் ஒன்றுமே இல்லை. அது பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

மறுநாள் மைனா பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டாத வம்பாக, அவனாகவே பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். வீட்டில் மாமியார் பயந்தே போனார். கணவன் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்தவன் கேட்காமலே அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்தான். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னவென்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லாமல் இருந்துவிட்டால் குழு தலையாட்டிவிடும், கருத்தரங்கில் கைதட்டுவார்கள், ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் கையில் இருக்கிற ஆய்வும் போயிற்று, சாரின் பெரியப்பாவும் போனார்.

"உனக்குத் தெரிஞ்சுடுச்சுல்ல," என்றான் அவன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு உனக்கு வாய் பத்தாது. பெருசுதான், ஆனா மூடத் தெரியாத வாய்."

இரண்டு நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அவன்மேல் கோபமும் வந்தது. சொன்னது உண்மை என்பதால் கோபம் நிலைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முக்காலின் அறைக்குப் போனாள். வரைபடத்தை மேசையில் வைத்துச் சொல்லி முடித்தாள். அவர் முகம் இறுகிவிட்டது. தன் ஆய்வேடு, தன் மாணவர்களின் ஆய்வேடுகள், எழுதிய கட்டுரைகள் எல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயிருக்கும். வரைபடத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"அவரைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி உன்னைச் சந்தேகப்படும்மா. உன் நிரல்ல ஒரு தப்பு இருந்தாக்கூட இப்படித்தான் வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. நிரலை வரி வரியாகப் பார்த்தாள். அண்ணனும் கூடவே உட்கார்ந்து அவனுடைய வழியில் தனியாக அளந்து பார்த்தான். அவன் கணக்கிலும் பெரியப்பா மங்கினார். "நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்திருக்கோம்," என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் குப்பையில போட்டதை நீ ஃபிரேம் போட்டு மாட்டியிருக்க." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தது வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அம்மாள். மாணவர்களை அழவைத்து அனுப்புவார் என்று அவருக்குப் பேர். முக்கால் மூலையில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மைனா முதல் ஸ்லைடைப் போட்டாள். தலைப்பிலேயே அவளுடைய நட்சத்திரத்தின் அதிசய ஒளிர்வு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாற்ற நேரம் இருந்தும் அவளுக்குக் கை வரவில்லை.

"இந்தத் தலைப்பு தப்பு," என்றாள். "என் நட்சத்திரத்துல ஒண்ணுமே இல்லை. நாங்க எதை வெச்சு அளந்தோமோ, அதுதான் மாறுது."

பிறகு வாய் திறந்துகொண்டது. அண்ணன் குப்பையில் போட்ட புள்ளிகள் முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் நடுவே குறுக்கிடவில்லை. முடிந்ததும், இது கருவியின் கோளாறாக இருக்கலாம், கணக்கின் கோளாறாக இருக்கலாம், நம்புவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். மைனா தயாராக இருந்தாள். மூன்று மங்கலுக்கும் இடையே ஒரே இடைவெளி. அப்படியானால் அடுத்தது வருகிற மாதம் முதல் வாரத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் தான் சொன்னது தவறு, குழு என்ன முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். மூவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அதுவரை முடிவை நிறுத்தி வைப்பதாகவும், பெரியப்பா மங்காவிட்டால் மைனாவின் ஆய்வுப் பதிவு ரத்து என்றும் சொன்னார்கள். முக்கால் எழுந்து போனார்.

அந்த இடைப்பட்ட நாட்களை மைனா எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்கே தெரியாது. முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கூட வகுப்பு எடுத்தாள், அவர்கள் அளந்ததை மூன்று முறை சரிபார்த்துத் தொல்லை கொடுத்தாள். மாமியார் தினமும் போனில் அந்த மலையின் வானிலையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வாரம் வந்தது. கூடவே மேகமும் வந்தது. முதல் நாள் காலை படம் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வாரம் முழுக்க இப்படியே போனால் பெரியப்பா மங்கி, தெளிந்து, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். மலையைத் திட்டினாள், மேகத்தைத் திட்டினாள், சட்டம் படிக்கச் சொன்ன அப்பா பேச்சைக் கேட்காத தன்னையும் திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை படங்கள் வந்திருந்தன. அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நிரலை ஓட விட்டாள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு. முக்கால். அவர் அந்த அறைக்கு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று.

திரையில் பெரியப்பாவின் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எப்போதும் இருக்கும் கோட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழே, அவள் சொன்ன அளவுக்கு, அவள் சொன்ன வாரத்தில்.

குழு பிறகு தலையாட்டியதும், ஆய்வேட்டின் தலைப்பு பெரியப்பாவின் பெயருக்கு மாறியதும், பழைய கட்டுரைகளுக்கெல்லாம் முக்காலே உட்கார்ந்து திருத்தம் எழுதியதும் பின்னால் நடந்தவை. அன்று காலை மைனாவுக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது, சாரைத் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. கடைசியில் திரும்பினாள். அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நான் எடுத்த முதல் படத்துலயே இவர் இருந்தாரும்மா," என்றார். "அதுக்கப்புறம் ஒரு படம்கூட இவர் இல்லாம எடுத்ததில்ல. மத்த எல்லாரையும் பார்த்தேன். இவரைப் பார்க்கவே இல்ல."

அவர் குனிந்து திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், கீழே இறங்கியிருந்த புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மங்கல் இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டார். இரண்டு நாளாவது இருக்கும் சார் என்றாள் மைனா.

"அப்ப நாளைக்குக் காலையிலயும் வரேன்," என்றார் அவர். "நான் வர்றதுக்கு முன்னாடி படத்தைத் திறந்துடாதே."