மூக்கும் முழியுமாக

என் வீட்டுக்காரருக்கு ஏரிக்கரையில் 'மூக்களக்கிறவர்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பறவை ஆய்வு நிலையத்தில் அதுதான் வேலை. படகில் போய், மரத்தில் ஏணி சாத்தி ஏறி, நீர்க்காகக் குஞ்சுகளின் அலகை அளந்து படிவத்தில் எழுத வேண்டும். முதல் நாள், பத்தாம் நாள், இருபத்தோராம் நாள் என்று ஒவ்வொரு குஞ்சுக்கும் மூன்று கட்டங்கள். படித்தவர்கள் அலகு என்று எழுதிக்கொள்ளட்டும், எங்கள் வீட்டில் அது மூக்குதான். "அவனவன் என்னென்னமோ அளக்கிறான், நீங்க காக்கா மூக்கை அளக்குறீங்க" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. மனிதர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டுவார். கோபப்படத் தெரியாத ஆள். அவருக்கும் சேர்த்து நான் படுவேன்.

வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். படகுக்காரர் கொடுத்த ஏரி மீன் பையில் இருக்கும். எங்கள் மகள் அந்த மீனைத் தின்றே வளர்ந்தவள். இந்த வருடம் வாயும் வயிறுமாக எங்களோடு வந்து தங்கியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. மருத்துவர் வேறு, "மீன் நிறைய சாப்பிடும்மா, குழந்தைக்கு மூளை நல்லா வளரும்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கேட்க வேண்டுமா! போதும் போதும் என்று அவள் கத்தினாலும் விடாமல், முள் எடுத்து எடுத்து ஊட்டியது நான்தான்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் பை காலியாக வந்தது.

"மீன் எங்கே?"

"இல்ல."

"இல்லன்னா? வாயும் வயிறுமா ஒருத்தி வீட்டுல இருக்கிறது ஞாபகம் இருக்கா, இல்லையா?"

அவர் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்று, நாலாம் எண் கூட்டைப் பற்றிச் சொன்னார். மூன்று குஞ்சுகள். முதல் நாள் மூன்றுக்கும் 'இயல்பு' என்றுதான் எழுதினார். இத்தனை வருடத்தில் முதல் நாள் கட்டத்தில் அவர் வேறெதுவும் எழுதியதே இல்லை. இருபத்தோராம் நாள் ஏறிப் பார்த்தால், ஒரு குஞ்சுக்கு மேல்மூக்கு ஒரு பக்கமும் கீழ்மூக்கு இன்னொரு பக்கமும் கத்தரிக்கோல் மாதிரி விலகிக் கிடந்தது. தாயின் தொண்டைக்குள் தலையை விடுகிறது, மீனைக் கவ்வுகிறது, மீன் நழுவி ஏரியில் விழுகிறது. நாலு நாளில் செத்துவிட்டது. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் இப்படி. இந்த வருடம் பதினொன்று.

"ஆய்வுக்கூடத்து அம்மா முட்டையை எல்லாம் சோதிச்சுட்டாங்க. அக்கரைத் தொழிற்சாலைக் கழிவுதானாம்."

"அதை மூடி முப்பது வருஷமாச்சே!"

"தொழிற்சாலையைத்தானே மூடினாங்க. விஷம் சேத்துல அப்படியே கிடந்திருக்கு. போன வருஷம் தூர்வாரினப்போ கிளம்பிடுச்சு. சேத்துல இருந்து புழு, புழுவுல இருந்து மீன், மீனுல இருந்து தாய். தாய் அதை மஞ்சக்கருவுல வச்சுக் குஞ்சுக்குக் கொடுத்துடுது."

"இனிமே மீனே வேண்டாம். நிறுத்திட்டாப் போச்சு" என்றேன்.

"கேட்டேன். தின்னது கொழுப்புல தங்கிடுமாம். போக வருஷக்கணக்காகுமாம்."

"அப்ப நம்ம பிள்ளைக்கு?"

"அதையும் கேட்டேன். 'நான் பறவை பார்க்கிறவ, மனுஷங்களைப் பத்தி என்னைக் கேட்காதீங்க'ன்னுட்டாங்க."

மறுநாளே மருத்துவரிடம் போய் நின்றோம். அவர் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. "ஸ்கேன் எல்லாம் நல்லா இருக்கு. மனுஷக் குழந்தைக்கு மூக்கு கோணாது பெரியவரே, வீணா குழப்பிக்காதீங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் யாரைத் திட்டுவது? தொழிற்சாலைக்காரன் செத்தே போயிருப்பான். சேற்றைத் திட்டினால் அதற்குக் காதா இருக்கிறது? பாவி, நானே ஊட்டினேனே என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

மகளிடம் மூச்சு விடவில்லை. "ஏம்மா, மீனையே கண்ணுல காணோம்?" என்று கேட்டாள். "உங்கப்பாவுக்கும் படகுக்காரருக்கும் சண்டை" என்று புளுகினேன். அந்த மனிதராவது சண்டை போடுவதாவது! அவள் நம்பிவிட்டாள்.

குழந்தை பிறந்தது. பெண். செவிலி துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "பாருங்க தாத்தா, மூக்கும் முழியுமா எப்படி இருக்கா உங்க பேத்தி!" என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணினேன், சரியாக இருந்தன. அவர் குஞ்சுகளின் மூக்கைத் தடவிப் பார்க்கிற அதே விரலால் குழந்தையின் மூக்கையும் உதட்டையும் மெல்லத் தொட்டார்.

"என்னப்பா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க? நல்லா இருக்காளா?" என்று கட்டிலில் இருந்து மகள் கேட்டாள்.

"நல்லா இருக்காம்மா."

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "மனசாரத்தானே சொன்னீங்க?"

"முதல் நாள் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

உள்ளே குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தது. நான் போய்த் தூக்கி, மகள் கையில் கொடுத்தேன்.