எண்பதைத் தாண்டாத சூடு

பூர்ணிமா பி.காம். படித்தவள். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பார்க்கும் வேலை அவளுக்கு எந்த ஜென்மத்திலும் தேவைப்பட்டிருக்காது, புருஷன் மட்டும் நன்றாக இருந்திருந்தால்.

நன்னிலம் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த குணசேகரன், நாலு வருஷத்துக்கு முன் மெஷினோடு வாய்க்காலில் கவிழ்ந்தான். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை இரண்டும் தப்பின. படுத்தபடியே லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். மத்தியானத்தில் ஏழெட்டுப் பேர் ஆன்லைனில் சேர்ந்து வரிசையாக லாரி விடுவார்கள். இவன் எழுந்து நடக்க முடியாதவன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவன் வாயில் பழைய நக்கல் வரும். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடப்பான்.

சித்திரையில் கேமுக்குப் புது வெர்ஷன் வந்து தொலைத்தது. பழைய கம்ப்யூட்டர் திணறியது. அவன் லாரி நடுரோட்டில் நின்றுவிட, கூட்டாளிகள் காத்திருந்து அலுத்துக் கிளம்பிப்போனார்கள். அன்று அவன் சோற்றைத் தொடவில்லை. மறுபடியும் அவனைச் சுவரைப் பார்க்க விட பூர்ணிமாவுக்கு மனசில்லை.

வீடியோ பார்த்து ஓவர்க்ளாக் செய்யக் கற்றாள். ப்ராசஸரை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது அது. அவசரக்குடுக்கைகள் ஒரேயடியாக ஏற்றிக் கெடுத்துவிடுவார்கள். இவள் நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவாள், ஒரு மணி நேரம் முழுப் பளுவில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்ப்பாள், பிறகுதான் அடுத்த நூறு. வோல்டேஜைத் தொடவே இல்லை. எண்பது டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறக்கிவிடுவாள்.

பயிருக்குத் தவணை தவணையாக யூரியா போடுகிறவள் மாதிரி அல்லவா செய்கிறாள் என்று குணசேகரன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று! லாரியும் ஓடியது.

வைகாசியில் கோடை நெல் அறுவடை. வீட்டுக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷின் காலையிலிருந்தே பதரையும் தூசியையும் ஊதித் தள்ளியது. அது ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரில் அடைத்தால் ப்ராசஸர் போச்சு. மாமியார் தர்மாம்பாள் ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். பூர்ணிமா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தாள்.

குணசேகரனுக்கு நெஞ்சுக்குக் கீழே வேர்க்காது; சூடு உள்ளேயே தங்கிவிடும். கோடையில் ஈரத்துணியால் துடைத்து, காற்றுப்பட வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று கோடையும் தவறாமல் செய்தவள்தான் அவள். ஆனால் அன்று வரிசையில் முதல் லாரி அவனுடையது; ஈரத்துணி மறந்துபோயிற்று. தலை கனக்கிறது என்று ஒருமுறை சொன்னான். நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான். நீ சூட்ட மட்டும் பாத்துக்க."

பார்த்துக்கொண்டாள். எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எழுபத்தேழு. லாரி ரோட்டை விட்டு இறங்கியபோதுகூட, கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று திரையைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு மாமியாரிடம் சொன்னாள்.

"நிமிஷத்துக்கு நிமிஷம் மெஷின் சூட்டைப் பாத்தேன் அத்தை. அவரு நெத்தியில ஒரு தடவை கை வைக்கல."

தர்மாம்பாள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

"ஜன்னலச் சாத்துனது நாந்தானேடி," என்றாள் பிறகு.